சராசரிக்குள் மறையும் வகுப்பறைகள்

ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும்போது வட மாவட்டங்கள் பேசுபொருளாகின்றன. பள்ளிகள் திறந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிடுகிறது. 2023-ல் மாநிலத் தேர்ச்சி விகிதம் 91.39%, ராணிப்பேட்டை மாவட்டம் 83.54 விழுக்காட்டுடன் கடைசி இடத்தில் இருந்தது. 2024-ல் மாநில விகிதம் 91.55%, கடைசி இடம் 82.07 விழுக்காட்டுடன் அண்டை மாவட்டமான வேலூருக்குச் சென்றது. 2019 நவம்பர் வரை இரண்டும் ஒரே மாவட்டம்தான். பெயர்ப்பலகை மாறியிருக்கிறது; பாலாற்றங்கரைப் பிள்ளைகளின் நிலை அவ்வளவாக மாறவில்லை.

காரணம் கேட்டால் ஆளுக்கொரு விடை கிடைக்கும். பெற்றோருக்கு அக்கறையில்லை என்பார் ஆசிரியர். ஆசிரியர் போதவில்லை என்பார் பெற்றோர். மாணவர்–ஆசிரியர் விகிதம் விதிப்படியே இருக்கிறது என்று புள்ளிவிவரத்தைக் காட்டுவார் அதிகாரி. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. மூன்றாவது விடைதான் கூடுதல் கவனத்துக்கு உரியது. விகிதம் சரியாக இருந்தும் வகுப்பறை சரியாக இல்லாமல் போவது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கலாம் என்ற பழைய கேள்விக்கும் தெளிவு பிறக்கும்.

விகிதம் வேறு, வகுப்பு வேறு

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளிகளுக்கான ஆசிரியர் எண்ணிக்கையைத் தன் அட்டவணையில் வரையறுத்திருக்கிறது. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. 200-க்கு மேற்பட்டால் ஓர் ஆசிரியருக்கு 40 பிள்ளைகளுக்கு மிகக் கூடாது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புகள் இச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை. பொதுத் தேர்வை எதிர்கொள்ளும் வகுப்புக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

சராசரி எப்படி மறைக்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு வட்டாரத்தில் ஐந்து சிற்றூர்ப் பள்ளிகள். ஒவ்வொன்றிலும் 20 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். அருகிலுள்ள நகரில் ஒரு பள்ளி. 400 பிள்ளைகள், 10 பிரிவுகள், 10 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 பிள்ளைகள், 20 ஆசிரியர்கள், விகிதம் 1:25. பார்ப்பதற்கு அழகான எண். ஆனால், அந்த 500 பேரில் 400 பேர் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். எஞ்சிய 100 பேர் சிறிய பள்ளியில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தங்கள் வகுப்புக்கெனத் தனி ஆசிரியர் இல்லை. 25 பேர் கொண்ட வகுப்பு அந்த வட்டாரத்தில் ஒன்றுகூட இல்லை. எந்தப் பிள்ளையும் அனுபவிக்காத ஒரு வகுப்பறையைத்தான் சராசரி நமக்குக் காட்டுகிறது.

இருவரும் ஐந்து வகுப்புகளும்

ஈராசிரியர் பள்ளியை முதலில் பார்ப்போம். ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நான்கும் ஐந்தும் மற்றவர் என்பது வழக்கமான பங்கீடு. முதலாமவர் மூன்று வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு பாடங்கள். ஆக 12 பாடப்பகுதிகளை ஒரே அறையில் நடத்த வேண்டும். இரண்டாமவருக்கு இரண்டு வகுப்புகள், ஐந்து பாடங்கள்; 10 பாடப்பகுதிகள். அவரே பெரும்பாலும் தலைமையாசிரியர். வருகைப் பதிவு, நலத்திட்டப் பொருள்கள், எமிஸ் தளத்தில் விவரப் பதிவேற்றம், வட்டார வள மையக் கூட்டம் எல்லாம் அவர் தலையில். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ செல்லும் நாளில் பள்ளி ஓராசிரியர் பள்ளியாகிவிடும்.

இங்கே எண்ணிக்கை குறைவு. ஆனால் சுமை குறைவன்று. எதிரில் இருப்பவர் 20 பேரே என்றாலும், அவர்கள் ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை பரவியிருக்கிறார்கள். ஓர் அணி எழுத்தைக் கற்கும்போது இன்னோர் அணி வகுத்தல் கணக்குக்காகக் காத்திருக்கிறது.

நாற்பது நொடிப் பங்கு

மறுமுனையில் நகரத்து உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் நெரிசலான பிரிவுகள். 45 நிமிடப் பாடவேளை, 45 மாணவர்கள். பாடத்தை விளக்க 15 நிமிடம் போனால் எஞ்சுவது 30 நிமிடம். ஒரு மாணவருக்கு 40 நொடி. வகுப்பில் 25 பேர் மட்டும் இருந்தால் அதுவே 72 நொடியாகும். ஒரு கணக்கில் மாணவர் எந்த வரியில் தவறினார் என்பதைக் கண்டு சொல்ல 72 நொடி ஒருவேளை போதும். 40 நொடி போதாது.

வகுப்புக்கு வெளியே உள்ள சுமை இதைவிடப் பெரிது. ஐந்து பிரிவுகளுக்குக் கணிதம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்குப் பிரிவுக்கு 50 பேர் என்றால் 250 ஏடுகள். ஓர் ஏட்டைப் பார்க்க இரண்டே நிமிடம் என்றாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் திருத்தம் என்பது சிவப்பு மையில் ஒரு கோடு போடுவதாகச் சுருங்குகிறது. பெரிய வகுப்பில் முதலில் பலியாவது விளக்கம் அன்று. ஆசிரியர் உரக்கப் பேசினால் ஐம்பது பேருக்கும் கேட்கும். பலியாவது திருத்தம். தன் பிழை எது என்று அறியாத பிள்ளை அடுத்த ஆண்டும் அதே பிழையோடு மேல்வகுப்புக்குப் போகிறது.

ஆய்வுகள் காட்டுவது

வகுப்பைச் சிறிதாக்கினால் கற்றல் கூடுமா என்பதை உலகம் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. அவற்றுள் புகழ்பெற்றது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கி நான்கு ஆண்டுகள் நடந்த ஆய்வு. 79 பள்ளிகளில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலரை 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பிலும், சிலரை 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பிலும், மற்றவரை ஓர் உதவியாளரும் உள்ள பெரிய வகுப்பிலும் சேர்த்தார்கள். மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை சிறிய வகுப்பில் படித்தவர்கள் தெளிவாக முன்னேறினர். கறுப்பினக் குழந்தைகளும் ஏழைக் குழந்தைகளும் மற்றவரைவிடக் கூடுதலாகப் பயனடைந்தனர். உதவியாளரை மட்டும் சேர்த்த வகுப்புகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

இந்த முடிவால் ஊக்கம் பெற்ற கலிபோர்னியா, 1996-ல் தொடக்க வகுப்புகளை மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் ஏறத்தாழ 30-லிருந்து 20 ஆகக் குறைத்தது. திடீரென ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். அனுபவம் உள்ளவர்கள் வசதியான பகுதிகளின் புதிய இடங்களுக்கு நகர்ந்தனர். ஏழைப் பகுதிகளின் பள்ளிகளுக்குத் தகுதிச் சான்று பெறாதவர்கள் வந்து சேர்ந்தனர். பலன் எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியதாக முடிந்தது.

நம் நிலைக்கு நெருக்கமானவை வேறு இரு ஆய்வுகள். பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டுபா, மைக்கேல் கிரெமர் ஆகியோர் கென்யாவில் நடத்திய ஆய்வில், கூடுதல் ஆசிரியர் வந்ததால் 80-ஐத் தாண்டியிருந்த முதல் வகுப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஆனால், நிரந்தர ஆசிரியர் பழைய முறையிலேயே கற்பித்த சிறிய வகுப்புகளில் முன்னேற்றம் சொற்பமே. கற்றல் நிலையை ஒட்டிப் பிள்ளைகளைப் பிரித்த பள்ளிகளில் முன்னே இருந்தவர்கள், பின்தங்கியவர்கள் ஆகிய இரு சாராரும் முன்னேறினர்.

மும்பை, வதோதரா நகரங்களில் பிரதம் அமைப்பு நடத்திய ‘பால்சகி’ திட்டம் இதே பாடத்தை இந்திய மண்ணில் கற்றுத்தந்தது. பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளை, அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்து எழுத்தும் எண்ணும் கற்பித்தார். அந்தப் பிள்ளைகள் முன்னேறினர். அவர்கள் வெளியேறியதால் வகுப்பில் எஞ்சியோருக்கும் இடம் கிடைத்தது. அவர்களின் வகுப்பும் சிறிதானது. ஆனால், அவர்களிடம் அளவிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. சிறிய வகுப்பு ஆசிரியருக்கு நேரத்தைத் தருகிறது. அந்த நேரம் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து கற்பிக்கப் பயன்பட்டால் கற்றல் கூடும். 60 பேருக்கு நடத்திய அதே பாடத்தை 30 பேருக்கு நடத்தினால் செலவுதான் கூடும். சிறு வயதிலும் வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தப் பயன் மிகுதி.

தோல் மண்டலத்தின் பிள்ளைகள்

வறிய வீட்டுப் பிள்ளைகள் என்னும்போது நாம் மீண்டும் பாலாற்றங்கரைக்கு வந்துவிடுகிறோம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரை நீள்வது இந்தியாவின் முதன்மையான தோல் ஏற்றுமதி மண்டலங்களுள் ஒன்று. இங்கே தந்தை தோல் பதனிடும் இடத்தில் முறைவேலைக்குச் செல்கிறார். தாய் விடியற்காலையில் ‘ஷூ கம்பெனி’ பேருந்தைப் பிடிக்கிறார். அல்லது வீட்டிலேயே காலணியின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறார். ஆம்பூர் வட்டாரத்தில் இந்த வீட்டுவேலை பரவலானது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் வீட்டில், ஏற்றுமதி வேலை குவியும் நாள்களில் பிள்ளைகளின் கையும் ஊசியைத் தேடிப் போவதில் வியப்பில்லை.

மாலையில் வீட்டுப்பாடத்தைப் பார்க்க ஆளிருக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி ஒரு பாதி. வீடு மறு பாதி. இந்த மண்டலத்தின் பல பிள்ளைகளுக்குப் பள்ளியே முழுமையும். வகுப்பில் கிடைக்காத 40 நொடி அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. படித்த பெற்றோரும் தனிப்பயிற்சியும் உள்ள 45 பேர் கொண்ட வகுப்பும், முதல் தலைமுறையாகப் படிக்கும் 45 பேர் கொண்ட வகுப்பும் பதிவேட்டில் ஒன்று, கற்பிப்பவருக்கு ஒன்றன்று.

மொழி இன்னொரு சூழல். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் மிகுதி. ஆந்திர எல்லையோரச் சிற்றூர்களில் தெலுங்கு. உருது வழிப் பள்ளிகளில் படிப்போருக்கு, 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழும் கட்டாயப் பாடமானது. மாநில மொழியை அறிவது அந்தப் பிள்ளைகளின் வேலைவாய்ப்புக்கு நல்லதே. ஆனால், அதைக் கற்பிக்கப் போதிய தமிழாசிரியர்கள் இல்லை என்பது சிறுபான்மை மொழிப் பள்ளிகளின் நெடுநாள் முறையீடு. தமிழ் வழிப் பள்ளியில் சேரும் உருதுக் குழந்தைக்கோ முதல் வகுப்பில் எழுத்தும் புதிது, சொல்லும் புதிது. அந்தக் குழந்தையை எண்ணிக்கையில் ஒன்றாகவே கணக்கிடுகிறோம். அதற்குத் தேவைப்படும் நேரத்தைக் கணக்கிடுவதில்லை.

நம்மிடமே உள்ள விடைகள்

பல நிலைப் பிள்ளைகளை ஒருவரே கற்பிப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் இன்றைய பொருளில் வகுப்புகளே கிடையா. ஒவ்வொரு பிள்ளையும் தன் நிலையிலிருந்து படித்தது; முன்னேறிய மாணவரான சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அங்கே அது நூற்றுக்கணக்கானோரை ஒரே கூடத்தில் அடைத்துச் சிக்கனமாகக் கற்பிக்கும் ஏற்பாடாக மாறியது. திண்ணையில் இருந்த தனிக்கவனம் பயணத்தில் தொலைந்துவிட்டது.

அந்தக் கவனத்தை மீட்ட முயற்சி ஒன்று பழைய வட ஆர்க்காட்டுக்கு அண்டையிலேயே நடந்தது. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி ஊரகக் கல்வி மையம், ஓராசிரியர் பள்ளிகளுக்கென அட்டைகளையும் கற்றல் ஏணியையும் வடிவமைத்தது. அதன் தாக்கத்தில் உருவான செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-க்குப் பின் மாநிலம் முழுவதும் பரவியது. அதன் வலிமை பலநிலை வகுப்புகளில் வெளிப்பட்டது. எண்ணிக்கை மிகுந்த வகுப்புகளில் ஒவ்வோர் அணியையும் பார்க்க ஆசிரியரால் இயலாமல் போனது அதன் வரம்பு. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிப்பதையே அடிப்படையாகக் கொண்டது.

பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இன்னும் தெளிவான சான்று. ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள், மாலையில் வீட்டருகே வகுப்பு. ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்ததாகவும் கண்டது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளே விரைவாக மீண்டனர். மாலையில் வீடு தர முடியாததை ஊர் தர முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பணி நிரவலின் அளவுகோல்

ஆண்டுதோறும் மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுத்து, ‘உபரி’ ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிகளுக்கு மாற்றும் பணி நிரவல் நடக்கிறது. இருப்பதைச் சீராகப் பங்கிடுவது அரசின் கடமையே. ஆனால், அளவுகோல் தலைகளின் எண்ணிக்கை மட்டுமாக இருக்கும்வரை, கூட்டினாலும் கழித்தாலும் நியாயம் பிறக்காது. இந்த மண்டலத்துக்கென்று நான்கு மாற்றங்களை வற்புறுத்தலாம்.

முதலாவது, மாவட்ட விகிதத்துக்குப் பதிலாக ஒவ்வொரு பிரிவின் எண்ணிக்கையையும் பள்ளிவாரியாக வெளியிட வேண்டும். விவரம் முழுவதும் எமிஸ் தளத்தில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவின் பார்வைக்கு அது வர வேண்டும். இரண்டாவது, ஆசிரியர் ஒதுக்கீட்டில் பிள்ளைகளின் நிலைக்கும் மதிப்பு தர வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் மூன்றாவதாக ஒருவரை நியமிப்பதும், வீட்டு மொழி வேறான குழந்தைகள் மிகுந்த முதல் வகுப்பில் எண்ணிக்கையை 25-க்குள் வைப்பதும் சலுகைகள் அல்ல. கற்பிக்கும் வேலையின் உண்மையான அளவு அதுதான்.

மூன்றாவது, ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலேயே, வாசிக்கவும் அடிப்படைக் கணக்கு போடவும் தடுமாறுவோரைக் கண்டறிந்து, நாளுக்கு இரண்டு பாடவேளை சிறு குழுக்களாகக் கற்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பின் இறுதியில் ‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியல் தயாரித்து, வினா–விடைக் கையேட்டை மனப்பாடம் செய்யவைப்பது தேர்ச்சி விகிதத்தைச் சற்று உயர்த்தலாம், எழுத்தறிவை உயர்த்தாது. நான்காவது, காலிப் பணியிடங்களை முறையான நியமனத்தால் நிரப்ப வேண்டும். 2022-ல் 13,331 தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே அமர்த்த அரசு முடிவுசெய்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு அறிவித்த தொகை மாதம் 7,500 ரூபாய். அந்த ஊதியத்தில் வருபவர் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார். ஒவ்வொரு மாற்றத்திலும் பிள்ளைகள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இந்த மண்ணின் நீர் கெட்டதற்கான வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-ல் நிலைநிறுத்தியது. நிலத்துக்கும் நீருக்கும் நேர்ந்த இழப்பை அன்று நாடு கணக்கிட முற்பட்டது. தாயும் தந்தையும் தோலுக்கும் தையலுக்கும் தந்துவிட்ட மாலை நேரங்களால் பிள்ளைகளின் படிப்புக்கு நேர்ந்த இழப்பை யாரும் கணக்கிட்டதில்லை. ஏற்றுமதி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி சுற்றுச்சுவருக்கும் வண்ணப் பூச்சுக்கும் திறன் பலகைக்கும் போவதில் தவறில்லை. அதே நிதியில், தொழிலாளர் குடியிருப்புகளில் மாலை நேரக் கற்றல் மையங்களையும், அவற்றில் 20 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று முறையான ஊதியத்தில் பயிற்சி பெற்றவர்களையும் அமர்த்தலாம்.

அடுத்த முடிவு வெளியாகும் நாளில் ராணிப்பேட்டை எத்தனையாவது இடம் என்று பார்ப்போம். எந்தப் பள்ளியில், எந்தப் பிரிவில், எத்தனை பேர் வாசிக்கத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்பைக் கடந்தார்கள் என்பதையும் அன்று சேர்த்துக் கேட்போம். அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய பதிவேடு இன்றே அலுவலகங்களில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க மே மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.